இடது வளைவில் எரியும் விளக்கு

காலை பதினொன்று, அட்டன். கொழும்பு ரயில் என்னை இறக்கிவிட்டபோது தூறிக்கொண்டிருந்தது. ராகலையில் இருக்கும் தோழி வீட்டில் மூன்று நாள் தங்குவதாகத் திட்டம். அட்டனிலிருந்து நுவரெலியா சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து ராகலைக்கு இன்னும் இருபத்தைந்து. பஸ் மாறி மாறிப் போக வேண்டாம் என்று தோழி ஒரு வேனைப் பத்தாயிரம் இலங்கை ரூபாய்க்குப் பேசி அனுப்பியிருந்தாள். ஓட்டி வந்தவர் சிவகுமார், முப்பது வயதிருக்கும். கூடவே அவர் மனைவி மலர். ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருப்பவர்கள்.

"முன்னால உக்காருங்கக்கா, ரோட்டு நல்லாத் தெரியும்" என்று மலர் ஜன்னல் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு நடுவில் நகர்ந்துகொண்டாள். வேன் பழைய ஜப்பான் டீசல் வண்டி. என்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தான். அந்தக் குளிருக்கு அது இதமாகவே இருந்தது.

கொட்டகலை தாண்டியதும் ஒரு வளைவில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒன்று எரிந்தது. எண்ணெய்க் கெண்டி மாதிரி படம். நான் வத்தலக்குண்டுக்காரி. கொடைக்கானல் மலையில் எங்கள் பழைய ஜீப்பை இருபது வருஷம் ஏற்றி இறக்கியவள். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் மறுபேச்சில்லாமல் என்ஜினை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசி இறுகிவிடும். "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

"அது பொய்ங்கக்கா" என்றார் சிவகுமார், பிரேக்கைத் தொடாமல்.

நான் மலரைப் பார்த்தேன். விளக்கு அணைந்துவிட்டிருந்தது. அவள் முகத்தில் கவலை அணையவில்லை.

"வேன் வாங்கி ஒரு மாசம் ஆச்சு. அன்னையில இருந்து இதே கூத்துதான்" என்றாள். "எரிஞ்சா ஓரமா நிப்பாட்டிப் பாப்பாரு, ஒயில் சரியா இருக்கும். ஸ்டார்ட் பண்ணுனா விளக்கு எரியாது. புது ஒயில் ஊத்தியாச்சு. அந்த லைட்ட எரிய வைக்கிற ஒயில் சுவிச்சையும் ரெண்டு தடவ மாத்தியாச்சு."

மெல்ல மெல்ல மீதியும் வந்தது. சிவகுமார் எட்டு வருஷம் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் வேலை. மாதம் ஒருமுறை வீடு. இரண்டு வயது மகள் அவரைப் பார்த்தால் அழுகிறாள், யாரோ ஒரு ஆள் என்று. அதனால்தான் இந்த வேன். தோட்டத்துப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகும் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். இன்று வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குத் தாய்மார் வந்து வேனைப் பார்த்து முடிவு சொல்வார்கள். கொழும்பு முதலாளி இவருடைய இடத்தை இன்று ராத்திரி வரை காலியாக வைத்திருக்கிறாராம்.

"செவப்பு லைட்டு எரியற வேன்ல யாருக்கா பிள்ளைய ஏத்துவாங்க?" என்றாள் மலர்.

எனக்கு ஒரு கெட்ட குணம். அடுத்த வீட்டுக் குழாய் ஒழுகினாலும் நின்று பார்ப்பேன். அந்த விளக்கை விட்டு என் கண் அகலவில்லை. டெவோன் அருவி வந்தது, போனது. "அக்கா, அருவி!" என்று சிவகுமார் இரண்டு தரம் சொன்னார். கடல் தாண்டி வந்தவள் அருவியை விட்டுவிட்டு ஒரு குண்டுமணி பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலவாக்கலை நெருங்குவதற்குள் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

"மலர், வலது பக்கம் திரும்பும்போது எரியுதா, பாரு."

அடுத்தது வலது வளைவு. எரியவில்லை. அதற்கடுத்தது இடது, எரிந்தது. மறுபடி வலது, ஒன்றுமில்லை. மறுபடி இடதில் பளிச்சென்று எரிந்தது. மலர் என் தொடையில் ஓர் அடி போட்டாள். பிறகு எங்கள் இருவருக்கும் அது விளையாட்டாகிவிட்டது. வளைவு வருவதற்கு முன்பே "எரியும்!", "எரியாது!" என்று கூவினோம். சிவகுமார் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மதியம் ஒன்று, தலவாக்கலை. பிளேன்டீ ஐம்பது ரூபாய், பால் விடாமல் இஞ்சி தட்டிப் போட்டது. கூடச் சூடாக உளுந்து வடை. லிந்துலையில் ரவூப் நானா என்ற மெக்கானிக்கிடம் போகலாம் என்று முடிவானது. இங்கே முஸ்லிம் கடைக்காரர்களை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஒன்றே முக்கால், லிந்துலை. ரவூப் நானா எங்களை எழுப்பிவிட்டு முன்சீட்டைத் தூக்கினார். ஒயில் சுவிச்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு முள் மீட்டரை முறுக்கி, என்ஜினை ஓடவிட்டார். முள் எழுந்து திடமாக நின்றது.

"என்ஜின் நல்ல என்ஜின், தம்பி. பிரஷர் குறையே இல்ல. அஞ்சு மணிக்கு அங்க நிக்கணும்னா ஒண்ணு செய்வோம். அந்தப் பல்பைக் கழட்டிருவோம். திங்கக்கிழமை கொண்டு வாங்க, ஆறுதலா, நிதானமாப் பாத்துச் செய்வோம்."

சிவகுமாரின் முகம் தெளிந்தது. உடனே மலர், "வேணாங்க" என்றாள்.

"பொய்யா எரியற விளக்குதானே?" என்றார் சிவகுமார்.

"இன்னைக்குப் பொய்யா எரியுது. நெசமாவே ஒயில் இல்லாத அன்னைக்கு எத வச்சுத் தெரிஞ்சுக்குவீங்க? பிள்ளைக உள்ள இருக்குமே."

சிவகுமார் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டரை ஆகியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. "நானா, அது இடது வளைவில் மட்டும்தான் எரியுது" என்றேன்.

"வளைவுல ஒயில் ஒரு பக்கமா ஒதுங்கினா எரியும்தான். ஆனா இதுல ஒயில் நிறைய இருக்கே" என்று தாடியைத் தடவினார். பிறகு அவர் கண்ணிலும் என் கண்ணில் இருந்த அதே அரிப்பு வந்துவிட்டது. சுவிச்சைத் திரும்ப மாட்டினார். ஆனால் அதற்கு வரும் ஒற்றை வயரை மட்டும் மாட்டாமல் மலரின் கையில் கொடுத்தார். "தங்கச்சி, இத எதிலயும் படாமப் பிடிங்க. தம்பி, ஸ்டார்ட் பண்ணாம சாவியத் திருப்புங்க." விளக்கு எரியவில்லை. வயர் அந்தரத்தில் இருந்தால் எரியக் கூடாது, அதுதான் முறை. நானா ஒரு கடப்பாரையை எடுத்து என்ஜினுக்குப் பக்கத்தில் கொடுத்து, வலப்புறமாக ஓர் அழுத்து அழுத்தினார்.

விளக்கு எரிந்தது.

விட்டார், அணைந்தது. மறுபடி அழுத்தினார், எரிந்தது. சிவகுமார் சீட்டிலிருந்து "யம்மாடி!" என்றார்.

காரணம் இவ்வளவுதான். என்ஜினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் என்ஜின் வலப்புறம் சாய்ந்து, ஓர் இரும்புத் தகட்டோடு அந்த வயரை நசுக்கியிருக்கிறது. நாளாவட்டத்தில் மேல்தோல் உரிந்து செம்பு வெளியே தெரிந்தது. செம்பு இரும்பைத் தொட்டால் போதும், விளக்குக்கு அதுவே ஒயில் இல்லை என்ற சேதி. ஒரு மாதமாக யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த மலையில் சாலையெல்லாம் வளைவு, ஆனால் பட்டறை போட மட்டும் எல்லோரும் சமதரையாகப் பார்த்துத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்! சமதரையில் நிற்கும் வண்டியில் அந்தக் கோளாறு எப்படித் தெரியும்?

நானா புது வயர் போட்டு, குழாய் உறை மாட்டி, தகட்டிலிருந்து தள்ளிக் கட்டினார். "ரப்பர் இப்ப என்கிட்ட இல்ல. ஞாயித்துக்கிழமை எடுத்து வைக்கிறேன், வந்து மாத்திக்கோங்க." மூன்றே காலுக்குப் புறப்பட்டோம். நானுஓயா, நுவரெலியா, கந்தப்பளை என்று ஊர்கள் மூடுபனிக்குள் வந்து வந்து மறைந்தன. இடது வளைவு ஒவ்வொன்றிலும் மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம். விளக்கு எரியவே இல்லை.

மாலை ஐந்தேகால், ராகலைக்கு மேலே தோட்டம். கொழுந்து எடைபோட்டுவிட்டு நேராக வந்த பெண்கள், ஈரச் சாக்கை இடுப்பில் கட்டியபடியே நின்றிருந்தார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் புஷ்பம் என்ற நடுவயதுப் பெண்மணி. சீட்டையும் கதவையும் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் திருப்புங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது, எரிய வேண்டிய முறைப்படி.

"சரி, பல்பு இருக்கு. முன்ன வந்த ஆளு பல்பைக் கழட்டிட்டுத்தான் ஓட்டுனாரு. ஒரு நா ஒயில் இல்லாம என்ஜின் இறுகிப் புடிச்சிப் போயி, பிள்ளைக கொட்டற மழையில நடந்து வந்துச்சுக. என் மவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல்."

மலர் என் கையை இறுக்கிப் பிடித்தாள். புஷ்பம் விடவில்லை.

"ஓடும்போது இது எரியுமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். இப்போது அது உண்மையும்கூட. சிவகுமார், "இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் எரிஞ்சுச்சுங்க. வயரு உரிஞ்சிருந்துச்சு, மாத்திட்டோம். என்ஜின் ரப்பரு இன்னும் மாத்தல, ஞாயித்துக்கிழம மாத்திருவேன்" என்றார்.

பெண்களுக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. ஒருத்தி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். புஷ்பம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்தப் பக்கம் திரும்புனா எரிஞ்சுச்சு?" என்று கேட்டார்.

"இடது பக்கங்க."

"அப்ப ஏறுங்கடி எல்லாரும்."

அத்தனை பேரும் சாக்கோடும் சிரிப்போடும் ஏறினார்கள். எனக்கும் மலருக்கும் இடமில்லை. வேன் கீழே சந்திவரை இறங்கித் திரும்பி ஏற ஆரம்பித்தது. அந்தப் பாதையில் எங்கெங்கே இடது வளைவு என்று மலருக்கு மனப்பாடம். மேலே நின்று, சத்தத்தை வைத்தே ஒவ்வொன்றாக விரலை மடக்கினாள். நடுவில் ஓரிடத்தில் வேன் நின்றுவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பால் லொறிக்கு வழிவிட நின்றார்களாம், பிறகுதான் தெரிந்தது.

வேன் வந்து நின்றதும் பெண்கள் பேசிக்கொண்டே லயத்துப் பக்கம் கலைந்தார்கள். புஷ்பம் மட்டும் நின்று, "ஓரிடத்துலயும் எரியல. திங்கக்கிழமை ஆறேகால். எங்க வீடு கடைசி லயம், ஹோர்ன் அடிச்சாத்தான் மவ எந்திரிப்பா. ரப்பரு மாத்துன பெறகு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

சிவகுமார் உடனே போனை எடுத்துக்கொண்டு தேயிலைச் செடி ஓரமாகத் தள்ளிப் போனார். சிங்களத்தில் பேசினார். பணிவாக, சுருக்கமாக. எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. பக்கத்தில் மலர் சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், நிறுத்தாமல் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

"கடைக்கு இனிமே வரலைன்னு சொல்லிட்டாருக்கா."