கல்பிட்டிக் காற்றில் ஒரு ஃபயர்வோல்

கல்பிட்டிக்குப் போகிறவர்கள் டொல்பின் பார்க்கப் போவார்கள், இல்லாவிட்டால் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கப் போவார்கள். நான் போனது ஒரு கறுப்புப் பெட்டியைப் பார்க்க. ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை. வேலைக்காகப் போன பயணத்தை இந்தப் பயணப் பக்கத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். பஸ்ஸில்தானே போனேன், எழுதலாம்.

கொழும்பில் அலுவலகங்களின் இணைய இணைப்புகளைத் திருத்துவது என் தொழில். கல்பிட்டிக்குச் சற்று முன்னால், கடலோரமாக, பெண்களுக்கான தையல் பயிற்சி நிலையமும் விடுதியும் ஒன்றாக இருக்கும் ஓரிடத்தில் இணையம் ஊர்கிறது என்று முறைப்பாடு வந்தது. "பெண்கள் விடுதி, ஆம்பிளையள் போகேலாது, நீர்தான் போக வேணும்" என்றார் முதலாளி. எங்கள் கடையில் ஸ்குரூட்ரைவர் பிடிக்கிற ஒரே பெண் நான்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டே பையை அடுக்கினேன், உள்ளுக்குள் கொண்டாட்டம்.

புறக்கோட்டையில் காலை ஐந்தரைக்கு புத்தளம் பஸ். இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், முந்தல் தாண்டும்போது நீர்ப்பரப்பு அந்தப் பக்கம்தான் வரும். புத்தளம் டவுன் வரைக்கும் போகாதீர்கள். பாலாவிச் சந்தியில் இறங்கினால் கல்பிட்டி பஸ் அங்கேயே கிடைக்கும். நான் இறங்கும்போது ஒன்பதே முக்கால். லொறிப் புழுதிக்கு நடுவே பால் விடாத ஒரு பிளேன்டியும் பணிஸும் உள்ளே போனதும்தான் மனுசியானேன். அங்கிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணித்தியாலம். உப்பளங்களைக் கடந்ததும் காற்று தொடங்கிவிடும். தலைக்குக் குளித்து முடியை விரித்துவிட்டுப் போனால் சீப்பு தோற்றுவிடும், அனுபவித்தவள் சொல்கிறேன்.

பஸ் தரிப்பிடத்திலிருந்து விடுதிக்கு த்ரீவீலில் முந்நூறு ரூபாய்.

"கைட் ஓட்ட வந்தீங்களா மிஸ்?" என்றார் சாரதி.

"இல்லை, இன்டர்நெட் திருத்த."

"அப்ப எங்கட ஊட்டுக்கும் ஒருக்கா வாங்களேன். எங்கட வைஃபை மாமியார் மாதிரி. நெனச்சா வரும், நெனச்சா போகும்."

விடுதிப் பொறுப்பாளர் ஹைரியா, அங்கே எல்லாருக்கும் ராத்தா, அதாவது அக்கா, வாசலிலேயே நின்றார். ஐம்பது வயதிருக்கும், வேகமான நடை, அதைவிட வேகமான கதை. தண்ணீர் தந்த கையோடு விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, கோல் எடுத்தா குரல் நல்லா வருது. வீடியோ எடுத்தா மட்டும் முகம் மாவாப் போகுது. படம் பாக்கத்தானே கஷ்டம், பரவாயில்லன்னு நானும் இரிந்திட்டேன். ஸரீனா வந்து அழுத பொறகுதான் எனக்கு வெளங்கின."

ஸரீனா அங்கே தையல் சொல்லிக்கொடுப்பவள். முப்பது வயதிருக்கும். பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேசாது. அவளுடைய கணவன் நஸீருக்கும் அப்படித்தான். அவர் கத்தாரில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறார். இருவரும் தினமும் வீடியோவில் கைகளால் கதைப்பார்கள். மூன்று வாரமாகக் கைகள் தெரியவில்லை. இந்த நேரம் பார்த்து நஸீரின் முதலாளி இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். வெள்ளி அங்கே விடுமுறை என்பதால் அந்த வியாழன் மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஸரீனாவுக்கு அவர் திரும்பி வந்துவிட வேண்டும்.

"எழுதி அனுப்பலாமே?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் பள்ளிக்கொடம் போனது கொறவு. 'சாப்பிட்டீங்களா' வரைக்கும் எழுதுவாங்க. அதுக்கு மேல நான்தான் எழுதிக் குடுக்கோணும். மாப்புள பொஞ்சாதி கதைய வோர்டன் எழுதினா அது ஒரு கதையா?"

வீடியோ எடுத்தும் அனுப்பிப் பார்த்திருக்கிறாள். பதிலுக்கு அவர் பெருவிரலைத் தூக்கிய குட்டிப் படம் ஒன்றை மட்டும் அனுப்புவாராம். போன் டேட்டா போட்டால் அந்த மூலையில் சிக்னல் ஒரு கோடு.

ஸரீனா என் முன்னால் வந்து நின்றாள். தன் விரல்களை முகத்துக்கு நேரே படபடவென்று அசைத்தாள், பிறகு அப்படியே உறைந்து நின்றாள். வீடியோ எப்படித் தெரிகிறது என்று எனக்குக் காட்டினாள். எத்தனையோ முறைப்பாடு கேட்டிருக்கிறேன், இவ்வளவு தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை.

நான் பார்க்கப் போன கறுப்புப் பெட்டி ஒரு ஃபயர்வோல், அதாவது ஒரு வாசல்காரன். வெளி இணையத்துக்கும் விடுதிக்கும் நடுவில் உட்கார்ந்து, போகிறது வருகிறதை எல்லாம் சோதித்து அனுப்பும் பெட்டி. பிள்ளைகள் கண்டதையும் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். முன்பு, பிள்ளைகள் லீவில் போயிருந்தபோது வேறு கடையிலிருந்து வந்த ஒருவர், பெட்டி பழசு, சோதித்துச் சோதித்துக் களைத்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பெட்டியை விட்டுவிட்டு என் மடிக்கணினியை நேரே ஃபைபர் ரவுட்டரில் செருகினேன். பறந்தது. பெட்டி வழியாகப் போனேன். ஊர்ந்தது. குற்றவாளி பெட்டிதான் என்று நானும் முடிவுகட்டினேன். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒரு வேலையும் இல்லாமல் சும்மா இருந்தது. சோதனைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். மாற்றமே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள். மீன் குழம்பும் மாசிச் சம்பலும், வேறு நாளென்றால் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டிருப்பேன். எதிரே ஸரீனா தட்டைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு வந்து, ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு வரும் வழி எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்தேன். ஓட வேண்டிய வேகத்தில் நூறில் ஒரு பங்கு. அதிலும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். ஒற்றை வழிப் பாலம் மாதிரி, இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் நிற்க வேண்டும். குரல் மெலிசு, சைக்கிள் போல நுழைந்துவிடும். வீடியோ லொறி, சிக்கிக்கொள்ளும்.

வயரைக் கழற்றித் தலையைப் பார்த்தேன். செப்பு முனைகள் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தன. காலையில் ரவுட்டரில் நேரே சோதித்தபோது நான் என் சொந்த வயரைப் போட்டிருந்தேன், அதனால்தான் பறந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. பெட்டி இருந்தது கடல் பக்க ஜன்னலுக்குக் கீழே. சூடாகக் கூடாதென்று ஜன்னலை இரவு பகலாகத் திறந்தே வைத்திருந்தார்கள். உப்புக் காற்று நேரே உள்ளே. வயர் பழுதாகி இணைப்பு அடிக்கடி விழுந்ததால், விழாமல் இருக்கட்டும் என்று முன்பு வந்தவர் வேகத்தைக் குறைத்துப் பூட்டியிருக்கிறார்.

புது வயர் போட்டேன். பூட்டிய வேகத்தைத் திறந்துவிட்டேன். நிறுத்திய சோதனைகளைத் திரும்பப் போட்டேன். பெட்டியையும் ரவுட்டரையும் தூக்கி உள்சுவர்ப் பக்கம் வைத்தோம். எல்லாம் முடியப் பின்னேர அஸர் தொழுகையும் முடிந்திருந்தது.

கத்தாரில் கடை மத்தியானம் பூட்டி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இங்கே அது ஆறரை. ஐந்தரைக்கு ஸரீனா அழைத்தாள். லைன் எப்படி நிற்கிறது என்று பார்க்க நானும் இருக்க வேண்டியதாயிற்று. படம் வந்தது. நஸீரின் சட்டைப் பொத்தான் கூடத் தெளிவாகத் தெரிந்தது. நான் ஹைரியா ராத்தாவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன்.

அதே கணத்தில் நஸீர் வலது கையைக் கீழே இறக்கினார்.

இடது கையால் மட்டும் ஏதோ கதைத்தார். ஸரீனா தன் வலது கையைத் தூக்கிக் காட்டி, அதைக் காட்டுங்கள் என்றாள். அவர் தலையாட்டி மறுத்தார். அவள் மறுபடி காட்டினாள். மூன்றாம் தரம் கேட்டபோதுதான் கையை மேலே எடுத்தார். மூன்று விரல்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது.

"துணி வெட்டுற மெஷின்ல பட்டிரிக்கி" என்று ஹைரியா ராத்தா மெல்லச் சொன்னார். ஸரீனா விடுதிக்கு வந்த பிறகு அவரும் கொஞ்சம் கைமொழி பழகியிருந்தார். "லைன் கொழம்பின நாள்லதான். நல்லதாப் போச்சுன்னு இரிந்தாராம். வெறுங்கையோட, அதுவும் இந்தக் கையோட எப்பிடி ஊருக்கு வாறதுன்னு கேக்காரு."

மற்றவர்களுக்குக் கைக்காயம் கைக்காயம்தான். அவருக்கு அது பாதி நாக்கு. அந்த மனுசன் மறைத்து வைத்திருந்ததை நான்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். வயரைத் திரும்பக் கழற்றிவிடலாமா என்று கூட ஒரு நிமிடம் தோன்றியது.

ஸரீனா கண்ணைத் துடைத்தாள். பிறகு தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், சேலைத் தலைப்புக்குள் செருகிக்கொண்டாள். இடது கையால் மட்டும் கதைக்கத் தொடங்கினாள். பழக்கமில்லாத கை. திக்கியது, பிழைத்தது, திரும்பத் தொடங்கியது. நஸீர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் ஏதோ ஒன்றைத் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும், அழுதுகொண்டிருந்த மனுசன் வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் அவள் சொன்ன ஒரு சொல் எனக்கும் விளங்கியது. வாங்க. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அவர் பதில் சொல்வதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், கடை திறக்கும் நேரம். படம் மறைந்தது. அன்றிரவு விடுதியில்தான் தங்கினேன். காலையில் ஸரீனா எனக்கு இடியப்பம் கட்டித் தந்தாள், அவள் முகத்தில் பதில் எதுவும் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

இனிப் போகிறவர்களுக்கு. டொல்பின் வேண்டுமென்றால் நவம்பருக்குப் பிறகு போங்கள், ஜூலையில் காற்று மட்டும்தான். திரும்பும் பஸ்ஸைக் காலை ஏழுக்கு முன் பிடித்தால் பகல் சாப்பாட்டுக்குக் கொழும்பு வந்துவிடலாம். கமரா, போன் எல்லாவற்றையும் இரவில் துணியால் துடைத்து வையுங்கள். என் தொழில்காரர்களுக்கு ஒன்று: கடலோரத்தில் பெட்டியைச் சந்தேகிக்க முன் வயரின் தலையைப் பாருங்கள். அதற்கும் முன்னால், மெதுவாக இருக்கிறது என்று சொல்பவரிடம், அதில் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து ஹைரியா ராத்தா அழைத்தார். நஸீர் கையெழுத்துப் போடவில்லை. விடுதியிலிருந்து வேன் பிடித்து எல்லாரும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள்.

"என்ன கதைச்சாங்க ராத்தா?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"எங்க கதைச்ச? ஊடு வந்து சேரும் மட்டும் ரெண்டு பேரும் கைய விடல்லயே."