இரண்டு ஆக்ஸில், ஒரு மச்சினன்

அலுத்துவிட்டது சார். போன ஞாயிற்றுக்கிழமை திரிசூலம் பக்கம் ஒரு பழைய கல்குவாரியில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், ஒரு பொம்மை ஜீப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற வயது. முழங்கால் இரண்டும் கெஞ்சின. இந்த வாரம் உருப்படியாக ஏதாவது எழுதலாம் என்று பார்த்தால், மனசு அந்தக் குவாரியை விட்டு வரமாட்டேன் என்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜீப் என் மச்சினன் ஜெபராஜுடையது. என் மனைவி கிரேஸின் ஒரே தம்பி. சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறான். சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பன் ஒருவன் கொடுத்த ரிமோட் ஜீப் அது. அதைப் பாறை மேல் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று இவனுக்கு ஆசை. கல்யாணமாகிக் குழந்தை குட்டி உள்ள ஆசாமி! ஏற்றினான். சக்கரங்களைத் தாங்கிச் சுழற்றுகிற பிளாஸ்டிக் ஆக்ஸில் முதல் பாறையிலேயே மளுக்கென்று முறிந்தது. முன்னாடியும் பின்னாடியும்.

"அத்தான், இரும்புல நாமளே செஞ்சா என்ன?" என்றான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சரி என்று தொலைத்தேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய், கையால் சுற்றித் துளை போடுகிற பழைய டிரில் இரண்டு வாங்கினோம். எங்களுக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் பல்சக்கரங்கள். சைக்கிள் கடையில் இரும்புத் தண்டு. லேத் பட்டறையில் கடைசல். முன் ஆக்ஸில் நான், பின் ஆக்ஸில் அவன் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். சாயங்காலம் ஆபீஸ் விட்டு தாம்பரத்தில் இறங்கினால் நேரே அவன் வீடு. கிரீஸ் படிந்த கையோடு இரண்டு பேரும் டீ குடிப்போம். உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் ஒரு ஞாயிறு வந்தது. சர்ச்சில் ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பாடகர் குழுவில் இருக்கும் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஸ்தோத்திரம் சார்! மச்சினன் மஸ்கட் போறாராமே. விசாவே வந்துடுச்சாம்!"

மஸ்கட்டா? எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி சிரித்து வைத்தேன். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறவனுக்குத் தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னானா? கிரேஸைக் கேட்டால், "அவனே உங்ககிட்ட சொல்லுவான்னு இருந்தேன்" என்கிறாள். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். நான் நிறுத்தியதைப் பார்த்து அவனும் நிறுத்தினான்.

நம்மவர்கள் பேச்சை நிறுத்துவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? பேசாமல் இருப்பது இல்லை. நடுவில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு பேசுவது! ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவன் வழக்கம்போல் வருவான். வராவிட்டால் அக்கா மனசு கஷ்டப்படுமே. எனக்கு எதிரில்தான் உட்காருவான்.

"உன் தம்பிக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு வேணுமான்னு கேளு."

"போதும்னு அத்தான்கிட்ட சொல்லுக்கா."

நடுவில் கிரேஸ், கையில் கரண்டியோடு. அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். ஆனால் விட்டுக்கொடுக்க மனசு வரவேண்டுமே...

ஆக்ஸில் வேலை மட்டும் நிற்கவில்லை. அவன் வீட்டில் அவன், என் வீட்டில் நான். முடிந்ததும் பூட்டி, போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு குவாரிக்கு எடுத்துப் போனோம். கிரேஸும் வந்தாள். நாங்கள் பேச ஆள் வேண்டாமா?

ரிமோட்டை அமுக்கினான். மோட்டார் உறுமியது. ஜீப் நகரவில்லை. நின்ற இடத்திலேயே கடகடவென்று நடுங்கியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்து, "இன்னா சார், வண்டிக்குக் குளிர் ஜுரமா?" என்றாள்.

விஷயம் இதுதான். மோட்டார் நடுவில். அதிலிருந்து ஒரு தண்டு முன்னுக்கு, ஒரு தண்டு பின்னுக்கு. ஒவ்வொரு ஆக்ஸிலிலும் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் பெரிய பல்சக்கரம். முன்னாடி அது வலது பக்கம் இருந்தால் பின்னாடி இடது பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் நாலு சக்கரமும் ஒரே திசையில் ஓடும். நாங்கள் இரண்டு பேருமே வலது பக்கம் வைத்திருந்தோம். எந்தப் பக்கம் என்று அவன் என்னைக் கேட்கவில்லை. நான் ஏன் கேட்க வேண்டும்? முன் சக்கரம் முன்னே இழுக்க, பின் சக்கரம் பின்னே இழுத்தது.

யாராவது ஒருவர் பெட்டியைத் திறந்து பல்சக்கரத்தை அந்தப் பக்கம் மாற்றினால் போதும். நாலே ஸ்க்ரூ.

"உன் தம்பியோடதைக் கழட்டி மாத்தச் சொல்லு."

"அக்கா, அத்தானுக்கு முன்னாடி கழட்டுறது சுலபம்னு சொல்லு."

கிரேஸ் எழுந்துவிட்டாள். "நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா? எனக்கு அலுத்துப்போச்சு! வர்ற வியாழக்கிழமை விட்டா அதுக்கடுத்த வியாழக்கிழமை அவன் மஸ்கட் போறான். போனா ரெண்டு வருஷம். இப்படியே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஏர்போர்ட்டுல நிப்பீங்களா ரெண்டு பேரும்? இனிமே உங்க நடுவுல நான் இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தாள்.

ஆள் போன பிறகு எங்களுக்குப் பேச வழியே இல்லை. அவன் தன் ஆக்ஸிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். நான் என்னுடையதைக் கழற்றிக்கொண்டேன்.

அந்த வாரம் வீட்டில் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. கிரேஸ் தம்பிக்காக மிளகாய்ப்பொடி இடித்தாள், எலுமிச்சை ஊறுகாய் போட்டாள், பாட்டில் மூடியை மெழுகு வைத்து அடைத்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் வீம்பே பாரமாகிவிட்டது. ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பல்சக்கரத்தை இடது பக்கம் மாற்றிப் பெட்டியை மூடினேன். அவனிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. வண்டி ஓடினால் தானே புரிந்துகொள்வான் என்று ஒரு கெத்து.

ஆக, போன ஞாயிறு. அவன் ஊரில் இருக்கும் கடைசி ஞாயிறு. அவன் ஜீப்போடு எங்கள் வாசலில் வந்து நின்றான், நான் ஆக்ஸிலோடு இறங்கினேன், மறுபடி அதே குவாரி. கிரேஸ் ஃபிளாஸ்கோடு தள்ளிப் போய்ப் பாறை நிழலில் உட்கார்ந்துகொண்டாள். நான் முன்னாடி பூட்டினேன், அவன் பின்னாடி பூட்டினான். ஒரு வார்த்தை இல்லை. ரிமோட்டை அமுக்கினான்.

ஜீப் நின்ற இடத்திலேயே கடகடவென்று நடுங்கியது.

"இன்னா சார், போன வாரத்து ஜுரம் இன்னும் வுடலியா?" ஆட்டுக்கார அம்மாள்தான். வாரம் தவறாத ரசிகை.

நான் ஜெபராஜைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அவன் உதடு துடித்தது.

"அத்தான்... நீங்களும் மாத்திட்டீங்களா?"

"நீயும் மாத்திட்டியாடா?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. எனக்கும் அப்படித்தான். அங்கே பாறை நிழலில் கிரேஸ் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கினாள். விட்டுக்கொடுக்கத்தான் செய்தோம், இரண்டு பேரும், முழு மனசோடு. வாயைத் திறந்து சொல்லாததால் அதே இடத்தில் நிற்கிறோம்.

இனி என்ன கௌரவம்? கேட்டுவிட்டேன். "ஏண்டா மஸ்கட் விஷயத்தை எங்கிட்ட சொல்லல?"

ரிமோட்டை அணைத்துக் கீழே வைத்தான்.

"சொன்னா வேணாம்னு சொல்லிருவீங்களோன்னு பயம் அத்தான். மத்தவங்க வேணாம்னாலும் போயிருவேன். நீங்க வேணாம்னா என்னால போக முடியாது."

அவன் பயந்ததில் தப்பில்லை. ஏனென்றால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இத்தனை நாளும் அவன் என்னை மதிக்கவில்லை என்றல்லவா குமுறிக்கொண்டிருந்தேன்! "போயிட்டு வாடா" என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் எவ்வளவு சுற்று.

கிரேஸ் வந்து ஆளுக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தாள்.

இந்தப் பத்தி அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அவன் விமானம் ஏறியிருப்பான். ஜீப் என் வீட்டு அலமாரி மேல் இருக்கிறது. நேற்று சாயங்காலம் முன் ஆக்ஸிலை மறுபடி திறந்து பல்சக்கரத்தை வலது பக்கமே மாற்றிப் போட்டேன்.

அவனிடம் சொல்லிவிட்டுத்தான்.