சிரிப்பு முகங்களை நம்பிப் போட்ட படம்

மகனை விபத்தில் இழந்த என் தங்கை, மாதக்கணக்காக, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரின் வெஸ்ட்லிப் பகுதியில் உள்ள தன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவளைக் கொஞ்சம் சிரிக்கவைக்க எண்ணி, தமிழ்ப் பட ரசிகர்களின் இணையக் குழுவில் நகைச்சுவைப் படம் ஒன்று கேட்டேன். சென்னை ரசிகர் ஒருவர் ஒரு படத்தின் பெயரைப் போட்டு, "குடும்பத்தோட பாருங்க அக்கா, சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துடும்" என்று எழுதினார். கீழே பலர் சிரிப்பு முகங்களைப் போட்டிருந்தார்கள். அதையே சான்றாக எடுத்துக்கொண்டேன்.

அவள் வீட்டிலேயே அதைப் போட்டேன். தொடங்கிய சிறிது நேரத்தில் படத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைப் புதைத்தாள். நான் நிறுத்துவதற்குள் தங்கை எழுந்து, குளிர் அங்கிகூட இல்லாமல் பனிக்குள் இறங்கிவிட்டாள். அவளுடைய தொலைபேசி மேசையில் கிடந்தது. மாடிக் கட்டடங்களுக்கிடையே அவள் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினேன். கடைசியில் மெட்ரோ நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ரயிலுக்குள் நடுங்கியபடி இருந்தாள்.

"அக்கா, நீ தெரிஞ்சுதானே போட்டனீ?"

"இல்லையடி. பகிடிப் படம் எண்டுதான் சொன்னவை."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

நடந்ததைக் குழுவில் எழுதினேன். "சும்மா கலாய்ச்சேன் அக்கா. அது சோகப் படம்னு எல்லாருக்கும் தெரியுமே" என்றார் அந்த ரசிகர்.

இப்போது யாருக்காகக் கேட்கிறேன் என்பதையும் எழுதித்தான் படம் கேட்கிறேன். சொன்ன படத்தை முதலில் தனியே இருந்து கடைசிவரை பார்க்கிறேன். தங்கை இன்னும் என்னோடு படம் பார்க்கச் சம்மதிக்கவில்லை.