கெங்கக்காவின் சார்ஜ் வண்டி

கெங்கக்காவுக்கு வாய் பெரிது. அவள் ஓட்டும் சார்ஜ் வண்டி பேட்டரியில் ஓடுவது, சத்தமே போடாது. அந்தக் குறையை அவளே தீர்த்து வைப்பாள். "அடியே சுவேதா, இன்னா இன்னும் தல வாரலயா? உங்கம்மா இன்னா பண்றா உள்ள?" என்று காலையில் வாசலில் நின்று கத்துவாள். சுவேதா என் மகள், ஒன்றாம் வகுப்பு. அந்த 'உங்கம்மா' நான்தான்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் மேலே இருக்கிறது, பள்ளிக்கூடம் கீழே. நடுவில் வளைந்து வளைந்து இறங்கும் ரோடு. மகளிர் குழு அந்த வண்டியை வாங்கியது சாமை மூட்டையும் புளியும் ஏற்றத்தான். சைக்கிளுக்கும் மொபெட்டுக்கும் நடுவில் ஒரு பிறவி. பின்பக்கம் மட்டும் நீளம். ஆண்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். கெங்கக்கா ஏறி உட்கார்ந்துவிட்டாள். மூட்டைத் தட்டில் பலகை அடித்து, சுற்றிலும் கம்பி வைத்து, பிள்ளைகளை ஏற்றத் தொடங்கியதும் அவள்தான். அவளுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. யாராவது அதற்கு உச்சுக் கொட்டினால், "எனக்கா இல்ல? தெனமும் ஒரு வண்டி நெறைய பெத்து எறக்கறேன்" என்பாள்.

மூக்கு ஒழுகும் பிள்ளைக்கு அவள் முந்தானை, அழுகிற பிள்ளைக்கு முன்னால் இடம். ஏற்றம் வந்தால், "எல்லாம் முன்னால சாயுங்கடா, வண்டிக்கு மூச்சு வாங்குது" என்பாள். மொத்தப் பிள்ளைகளும் ஒருவர் மேல் ஒருவராக அவள் முதுகில் சாய்ந்துவிடும். அதற்காகவே அப்படிச் சொல்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆனால் ஏற்றம்தான் வண்டிக்கு ஆகவில்லை. பகலில் எங்கள் ஊரில் கரண்ட் நிலையாக இருக்காது, நடுவில் சார்ஜ் போட வழியில்லை. சாயங்காலம் பிள்ளைகளோடு வரும்போது கடைசி வளைவில் வண்டி உயிரை விட்டுவிடும். பிள்ளைகள் இறங்கித் தள்ளுவார்கள். ஒரு நாள் மழையில் தள்ளும்போது வண்டி பின்னால் உருண்டு, கீதாஞ்சலி என்ற சின்னப் பெண்ணின் கால் மயிரிழையில் தப்பியது. அப்பாக்கள் கூடி முடிவு கட்டிவிட்டார்கள்: சின்னப் பிள்ளைகளை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் விடுதியில் சேர்த்துவிடுவது. என் வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டு வந்தார். என் புடவையைப் பிடித்துக்கொள்ளாமல் சுவேதாவுக்குத் தூங்கத் தெரியாது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம், வாத்தியாரிடம் விஷயத்தைச் சொல்ல, பிள்ளைகளைக் கூட்டிவரக் கீழே போகும் கெங்கக்காவின் வண்டியிலேயே கிளம்பினேன். அவள் வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். இறக்கம் தொடங்கியதும் டக்கென்று சாவியை அணைத்தாள்.

"இன்னாக்கா பண்ற?"

"எறக்கத்துல எதுக்கு சார்ஜ வீணாக்கணும்? உங்க மாமா ஜீப்ப இப்டிதான் எறக்குவாரு."

மாமா என்றால் அவள் புருஷன் சடையன். அவர் மட்டுமா, பெட்ரோலை மிச்சம் பிடிக்க எங்கள் மலையில் எல்லாரும் செய்வதுதான். வண்டி சத்தமில்லாமல் பாய்ந்தது.

"யக்கா, சாவிய போடு! இல்லாட்டி குதிச்சிடுவேன்!" என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறினேன். திட்டிக்கொண்டே போட்டாள். பிரேக்கைத் தொட்டதும் வண்டி முனகியது, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி நிதானத்துக்கு வந்தது.

ரோட்டைப் பார்க்கப் பயந்து, அவள் தோளுக்கு மேலாக மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு கோடாக இருந்த சார்ஜ், கீழே வருவதற்குள் மூன்று கோடாகிவிட்டது.

"யக்கா, சார்ஜ் ஏறிகீது!"

"எறங்கற வண்டில எப்டிமே ஏறும்? மீட்டரும் போச்சா?" என்று வண்டியை நிறுத்தினாள். சாவியை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். மூன்று கோடுதான். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜீப்புக்கு இறக்கத்தில் எஞ்சினை அணைத்தால் மிச்சம். இந்த வண்டியோ, சாவி போட்டுப் பிரேக் பிடித்தால், இறக்கத்தில்தான் சம்பாதிக்கிறது. அந்தச் சம்பாத்தியத்தை இத்தனை நாளும் நாங்களே தடுத்து வைத்திருந்தோம்.

"வூட்டுக்குப் போனதும் கீது உங்க மாமாவுக்குப் பூச" என்றாள் கெங்கக்கா. அவளுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

வாத்தியாரிடம் நான் விடுதிப் பேச்சையே எடுக்கவில்லை. சும்மா பிள்ளையைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன். பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள். நானும் ஏறினால் பாரம் என்று, குறுக்குப் பாதையில் ஓட்டமும் நடையுமாக ஏறிக் கடைசி வளைவுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன். தள்ளுவதற்காகப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன்.

அவள் குரல்தான் முதலில் வந்தது. "சாயுங்கடா, சாயுங்க!" பிறகு வண்டி வந்தது. ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. கையை நீட்டிக்கொண்டு ஓடினேன்.

"தொடாதமே! அது வரும்!" என்று கத்தினாள்.

வந்தது. என்னைத் தாண்டி, வளைவைத் தாண்டி மேலே ஏறியது. பின்பலகையிலிருந்து சுவேதா எனக்குக் கையாட்டினாள்.

"ம்மா, நாங்க வூட்டுக்குப் போறோம்! நீ மெதுவா நடந்து வா!"

அவள் வீட்டுக்குத்தான் போகிறாள். நான் அந்த ரோட்டிலேயே உட்கார்ந்து ஆசை தீர அழுதேன்.