ஐந்து பேருக்காக நான் அழுத்திய ‘ஓம்’

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, கற்பிட்டிப் பக்கம் ஒரு நண்டுக் கொம்பனியில் எனக்குக் கிளார்க் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். கழுத்தில் அட்டை தொங்க நான் பஸ் ஏறுவதைப் பார்க்க, வாப்பா ரோட்டு வரைக்கும் வருவார்.

அவித்த நண்டிலிருந்து சதை எடுப்பது அங்கே பெண்களின் வேலை. கூலியை முதலாளி சொல்வதில்லை, ஒரு செயலி சொல்லும். நாளைக்குக் கிலோவுக்கு எவ்வளவு என்று பின்னேரம் அவரவர் போனுக்கு வரும். சம்மதம் என்றால் ‘ஓம்’ அழுத்த வேண்டும். ஐந்து பேரிடம் டச் போன் இல்லை. “என்ட நம்பரக் குடுங்க, நான் பாத்துக்கொள்றன்” என்றேன். விலை வந்த நிமிடமே ஐவருக்கும் அழுத்திவிடுவேன். பிந்தினால் அவர்களுடைய இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு.

இரண்டு மாதத்தில் அந்த ஐவரில் நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் ஒருவர், மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர், என் மேசைக்கு வந்தார்.

“தங்கச்சி, ஒரே மேசையில இருந்து ஒரே நண்டத்தான் உடைக்கிறோம். எனக்கு மட்டும் ஏன் குறையுது? மகன்ட கிளாஸ் காசு கட்ட ஏலாமப் போயிட்டு.”

“கம்பியூட்டர் கணக்கு ராத்தா. அது ஆள் பாக்காது.”

“ஆள் பாக்காட்டி எப்படி ஆளுக்கொரு விலை?”

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எல்லோருடைய விலையையும் ஒரு தாளில் எழுதினேன். வேகம், வருகை, அனுபவம் எதனோடும் அது பொருந்தவில்லை. கடைசியில், செயலியின் பதிவில் இருந்த ‘ஓம்’ சொன்ன நேரத்தைப் பக்கத்தில் எழுதியபோது பொருந்தியது. யோசித்து அழுத்தியவர்களுக்கும், ஒரு தரமாவது மறுத்தவர்களுக்கும் விலை ஏறியிருந்தது. உடனே சம்மதித்தவர்களுக்கு இறங்கிக்கொண்டே போயிருந்தது. எல்லோருக்கும் கீழே என் போனில் இருந்த ஐந்து பேர். என் விரலின் வேகத்தை அவர்களுடைய கஷ்டம் என்று செயலி எடுத்துக்கொண்டிருக்கிறது.

ராத்தாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. “படிச்ச பிள்ளை, என்னய விட அவசரக்காரியா இரிக்கிறியே” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருவருமாகப் புத்தளத்துக்குப் போய்த் தொழில் திணைக்கள உத்தியோகத்தரைச் சந்தித்தோம். அவர் ஒரு பெண். தாளில் விரல் வைத்து வரிவரியாக வாசித்தார்.

“இந்த விலைய வச்சது யாரு?”

“செயலி மிஸ்.”

“செயலிக்கு நான் கடிதம் போட ஏலாது. சம்பளம் குடுக்கிறவர்தான் காரணம் சொல்லணும். ஒரே வேலைக்கு ஏன் வேற வேற விலை எண்டு எழுத்தில தரட்டும். அது சரி, இவங்கட சம்மதத்த நீங்க எப்படிக் குடுத்தீங்க?”

“என்ட போன்ல நான்தான் அழுத்தினன் மிஸ்” என்றேன். குற்றம் சொல்வது போல ராத்தா என் பக்கம் திரும்பவேயில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றியுள்ளவள் நான்.

உத்தியோகத்தரின் கடிதம் கொம்பனிக்கு வந்த அன்று, செயலியை விற்ற கொழும்புக்காரர்களுக்கு முதலாளி என் முன்னாலேயே போன் எடுத்தார். விலை ஏன் இப்படி வந்தது என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. என் வேலை போனது என்றுதான் நினைத்தேன். அவரோ, “நீங்க எழுதின அந்தத் தாளக் கொண்டாங்க” என்றார். காரணம் எழுதியிருந்தது அதில் மட்டும்தான்.

இப்போது எல்லோருக்கும் ஒரே விலை, வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. பழைய கூலிக் குறைவு பற்றிய விசாரணை இன்னும் நடக்கிறது. போனில் எது ‘ஓம்’ கேட்டாலும், அந்தச் சம்மதம் யாருடையது என்று பார்த்த பிறகுதான் இன்று என் விரல் இறங்குகிறது.