பொண்டோக்குக்கு வந்த முதல் புகார்

மலேசியாவில் குளுவாங் ஊர்க்காரி ரூபினிக்கு வாய் கொஞ்சம் நீளம். பகலில் ஒரு தொழிற்சாலையில் கணினி வேலை. மற்ற நேரமெல்லாம் டாரின். டாரின் என்பது உலகம் முழுக்கப் புழங்குகிற ஒரு நிரல்மொழி. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். அதில் பழைய கணினிகளுக்கான பகுதியைச் சம்பளமே வாங்காமல் பல வருஷமாகக் கட்டிக் காத்தவள் இவள்தான்.

அந்தப் பகுதியைத்தான் தூக்கிப் போட்டார்கள். டாரினைக் கையில் வைத்திருந்த நிறுவனம் இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய மெஷினெல்லாம் இனி வேண்டாமாம்லா! சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி எடை போடுவதே அப்படிப்பட்ட பழைய மெஷின்தான். அண்ணன் குணாளனுக்கு அங்கேதான் வேலை. திருத்தம் வராவிட்டால் என்றைக்காவது ஒருநாள் அது படுத்துவிடும். லோரிகள் வெயிலில் நிற்கும், பழம் கெட்டுப்போகும். இப்படி இன்னும் எத்தனை ஊரில் எத்தனை மெஷினோ!

ரூபினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மொத்த நிரலையும் நகலெடுத்துக்கொண்டு தனியாகப் பிரிந்தாள். டாரின் என்ற பெயர் எங்களுடையது, அதைத் தொடக் கூடாது என்றார்கள் நிறுவனத்தார்.

"பேர்தானே? நீங்களே வச்சுக் கும்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, தன்னுடையதற்குப் 'பொண்டோக்' என்று வைத்தாள். தகரக் குடிசைக்கு மலாயில் அதுதான் பேர்.

அம்மா காளியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கோயில் கமிட்டியோடு சண்டை போட்டுப் பிரிந்து, தகரக் கொட்டகையில் தனி அம்மன் வைத்தவள்.

"ஆளு வந்துச்சாடி?"

"இன்னும் இல்லம்மா."

"எனக்கும் முதல்ல ஈ காக்கா வரல. அப்புறம் ஒருத்தி வந்து, சுண்டல்ல உப்பே இல்லன்னு கத்திட்டுப் போனா பாரு, அன்னிக்குத்தான் எனக்கு உசிரே வந்துச்சு."

வாரக்கணக்கில் பொண்டோக் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் நிறுவனத் தலைவர் வீடியோவில் வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பொண்டோக்கை மூடிவிட்டால், டாரினில் ஒரு பொறுப்பு தருவாராம். பழைய மெஷின் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாதாம்.

"யாருமே தொடாத ஒண்ணுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?" என்றார்.

சுருக்கென்றது. யாரும் தொடவில்லை என்பது உண்மைதானே. வெள்ளிக்கிழமை காலை, சரி, மூடிவிடலாம் என்றுகூட நினைத்துவிட்டாள். நினைத்துக்கொண்டே பொண்டோக்கின் இணையப் பக்கத்தைத் திறந்தால், எங்கேயோ தூர தேசத்து நூலகத்திலிருந்து ஒருவர் காய்ச்சி எடுத்திருந்தார்.

"என்ன குப்பை இது? எங்க பழைய மெஷினுக்குன்னு நம்பிப் போட்டோம். புத்தகம் திருப்பித் தர்ற தேதியெல்லாம் தப்பா அடிக்குது. சோதிச்சுப் பாத்துத்தான் வெளியிட்டீங்களா?"

ரூபினி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அம்மா! சுண்டல்ல உப்பு இல்லையாம்!"

"கத்திக்கிட்டு நிக்காத. போய் உப்பைப் போடு!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

முதலில் தேதியைச் சரிசெய்தாள். திட்டியவருக்கு மன்னிப்பும் நன்றியும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் தலைவருக்குப் பதில் போட்டாள்.

"வர முடியாது சார். எங்களைத் திட்ட ஆளு வந்துட்டாங்க."