அப்பாவைக் கொன்ற செல்

வேப்பூர் ரோட்டோரம் அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார். லாரிக்காரர்கள் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று, நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்ததும் அவருக்கு ஒரு செல் வாங்கிக் கொடுத்தேன். எப்போதும் அது சட்டைப்பையில்தான் இருக்கும்.

மறுவருடம் அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்றார்கள். நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், பாண்டிச்சேரி டாக்டர் அம்மாவிடம் ஏதோ விளக்கியிருக்கிறார். மூன்றே மாதத்தில் அப்பா போய்விட்டார். காரியம் முடிந்ததும் அம்மா அந்தப் போனை அணைத்து அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டாள். என்னோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டாள்.

வேலை பார்க்கும் பெண்ணாடத்திலிருந்து ஞாயிறுதோறும் பஸ் பிடித்து, அம்மாவைப் பார்க்க விருத்தாசலம் போவேன். சோறு போடுவாள், முகம் பார்க்க மாட்டாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் எதற்கென்றே தெரியாமல் அப்பா நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். எட்டாவது மாதம், ஏன் என்னோடு பேசுவதில்லை என்று கேட்டே விட்டேன்.

"செல்லுல வந்த கோளாறுன்னு டாக்டரே சொன்னாரு. நீதான வாங்கிக் குடுத்த?" என்றாள்.

பத்தாம் வகுப்புக்குச் செல் பிரிதல் நடத்துகிறவள் நான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனது உடம்பு, அதற்கும் செல் என்றுதான் பெயர். ஒன்று இரண்டாகப் பிரியும் முன்னால், தனக்குள் இருக்கும் மரபு இழையை அப்படியே இன்னொரு படி எடுக்கும், ஆளுக்கொன்றாக. படியெடுக்கையில் பிழை விழுந்தால் உள்ளேயே திருத்திக்கொள்ளவும் செய்யும். திருத்தத் தவறினால் அடுத்தடுத்து வருவதிலெல்லாம் அதே பிழை. அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

செராமிக் பொம்மை யூனிட்டில், சூளைக்குப் போகுமுன் பொம்மைகளைப் பார்த்துத் தேய்த்து, பழுதானதை ஒதுக்குவது அம்மாவின் வேலை. அச்சில் கீறல் விழுந்தால் எல்லாப் பொம்மையிலும் அது வரும் என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்ளோ பாத்தாலும் ஒண்ணு தப்பிப் போயிடும்" என்றாள். "நானே உட்டிருக்கேன்."

நான் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் மதியம், ஆசிரியர் அறையில் என் போன் அடித்தது. திரையில் 'அப்பா' என்று வந்தது. எடுக்கக் கை வரவில்லை. நின்றுபோய் மறுபடியும் அடித்தது.

"சாப்டியாடி?" என்றாள் அம்மா.

எட்டு மாதமாக அவள் இதை என்னிடம் கேட்டிருக்கவில்லை.